நம் முற்றத்துக்கு ஏற்ற கொடி ரோஜா

(பாறசாலை – நெய்யாற்றின்கரை வட்டார அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"டீச்சர் மாமி, விஷயம் உங்க இஷ்டம், அரை மணிக்குள் முடித்தால் போதும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவளிடம் இப்படிச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று அவர் யோசிக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டது கொடி ரோஜா. நம் பக்கத்தில் வள்ளி ரோஸ் என்பார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கொடி ரோசா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆனதில் செடிக்கு இரண்டு பெயர் ஆயிற்றே தவிர, மண்ணும் மழையும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் நான் சொல்வது குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

ஏன் இந்த விஷயம் என்றால், சில வருஷங்களாக எனக்கு வரும் டெலிபோனில் பாதி இதைப் பற்றித்தான். பிள்ளையோ பெண்ணோ பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வருகிறார்கள். வெளிநாட்டு வீட்டு வாசலில் ரோஜா வளைவாகப் படர்ந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, அதேபோல் அம்மாவின் வாசலிலும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு செடி வாங்கி நட்டுவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். அப்புறம் அம்மா எனக்கு போன் செய்கிறாள். கேள்வி இரண்டே தினுசு. ஒன்று, "மாமி, மாடி வரை ஏறிப்போச்சு, ஒரு மொட்டுகூடக் காணோம்." இன்னொன்று, "ஆனி வரை நன்னா இருந்தது, ஆடியில எல்லா இலையும் கொட்டி வெறும் குச்சியா நிக்கறது. என்ன மருந்து அடிக்கலாம்?"

முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவது கேள்வி என்னைக் கலங்க வைக்கிறது. நம் வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். வாசலிலோ கொல்லையிலோ ஒரு கிணறு. அதிலிருந்து பத்தடி தள்ளி ரோஜா. திறந்த கிணறுகள் கேரளத்தில் இருப்பதுபோல் நெருக்கமாக நம் தேசத்தில் வேறெங்கும் கிடையாது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதில்தான் சுவாமிக்கு அபிஷேகம். பறித்த பூவும் முதலில் பூஜைக்கு, பிறகு பிரசாதமாகத் தலைக்கு. பேத்தி இருந்தால் இரண்டு இதழை வாயிலும் போட்டுக்கொள்வாள். வியாபாரத்துக்கு ரோஜா பயிரிடுகிறவர்கள் வாரம் தவறாமல் மருந்து அடிப்பார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. நமக்கு என்ன தலையெழுத்து?

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்ததும், அந்தக் கிராமங்களின் குழந்தைகள் பட்ட பாடும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில்தான் அதற்குத் தடை விதித்தது. நாம் அடிப்பது ஒரு சின்ன பம்ப் அளவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் குன்றின்மேல் அடித்தார்கள். நாம் கிணற்றடியிலேயே அடிக்கிறோம். ஆகவே நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: மருந்து இல்லாமல் நம் மழையைத் தாங்குகிற செடியைத் தேடி எடுக்க வேண்டும். அப்படிப்பட்டது கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் முல்லையோ பிச்சியோ வையுங்கள், பாதகமில்லை. தோவாளைச் சந்தைக்குப் பிச்சி வரும் சீமையில் பூவுக்கா பஞ்சம்?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஏறுகிறது, பூக்கவில்லை.

ரோஜா உண்மையில் கொடியே இல்லை. பாகற்காய்க்குப் பற்றுக்கம்பி இருக்கிறது, சங்குபுஷ்பம் தன் தண்டாலேயே சுற்றிக்கொள்ளும். ரோஜாவுக்கு இரண்டும் கிடையாது. நீளமாகக் கிளை விட்டு, முள்ளைக் கொக்கிபோல் பக்கத்து மரத்தில் மாட்டிச் சாய்ந்துகொண்டு மேலே போகும். நம் வீட்டில் சாய மரம் இல்லாததால் நாம் கட்டிவிட வேண்டும்.

காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். மீதி நாளெல்லாம் வளர்த்திதான். சீனத் தோட்டங்களில் வளர்ந்த ரோஜாவில் மட்டும் பூப்பதைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணுவின் நடுவே வேறொரு துண்டு வந்து செருகிக்கொண்டது. தடை உடைந்தது. அந்தச் செடி துளிர்க்கும் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பூவை வைத்தது. இது இன்னதென்று 2012-ல் வெளியான ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. ஆனால் அந்தச் செடியைத் தோட்டக்காரர்கள் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கண்டெடுத்துக் காப்பாற்றி வைத்துவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது கப்பலேறி ஐரோப்பா போனது. வழியில் கல்கத்தாவில் தங்கிப் போனதால் அதற்கு வங்காள ரோஜா என்றே பேர் விழுந்துவிட்டது. இன்றைக்குக் கடையில் வருஷம் முழுக்கப் பூக்கும் ரோஜா எதை வாங்கினாலும் அந்தச் சீனத்து ரத்தம் அதில் இருக்கிறது.

இதிலே ஒரு சிக்கல். கிளை நுனியில் பூ வந்துவிட்டால் அந்தக் கிளை அத்தோடு நின்றுவிடும். செடி குத்துச்செடியாகிவிடும். நீளமாக ஏற வேண்டுமானால் பூவை ஒத்திப்போட வேண்டும். ஏறுவதும் எப்போதும் பூப்பதும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்தான் கொடி ரோஜா. கடைக்காரர் "நாற்பதடி ஏறும், தினமும் பூக்கும்" என்றால் அதில் ஏதோ ஒன்று பொய்.

முழுக்க ஏறும் குணம் கொண்டவற்றை ராம்ப்ளர் என்பார்கள். குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அவை பூக்கும், அதுவும் ஒரே ஒரு பருவம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலி முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பார்த்துவிட்டு ஒரு குச்சி ஒடித்து வருகிறோம். அவை கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்கள். நாம் பூவாறு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். நம் மார்கழி அந்தச் செடிக்குக் குளிராகவே தெரியாது. காத்துக்கொண்டே வளரும். மாடி வரை ஏறிப் பூக்காததற்கு ஒரு காரணம் இது.

இரண்டாவது காரணம் இன்னும் சாதாரணம். கடைச் செடி ஒட்டுச்செடி. அடியில் ஏதோ ஒரு காட்டு ரகத்தின் வேர், மேலே நல்ல ரகத்தின் கண். நம் மழையில் மேல்பாகம் நோயில் சோர்ந்துபோகும்போது அடிவேரிலிருந்து ஒரு கிளை கிளம்பும். பச்சைப் பசேலென்று, வழவழவென்று, வாரத்துக்கு ஒரு அடி வளரும். "ஆஹா, செடி பிழைத்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டு அதையே கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். ஒட்டுக்கண் அதற்குள் உயிரை விட்டிருக்கும். இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரகம், ஐந்து இருந்தால் நல்லது என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், நல்ல கொடி ரோஜாக்களிலேயே ஏழு உண்டு. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, ஒட்டின முடிச்சு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அதற்குக் கீழிருந்து வருவதை வெட்டாமல் வேரோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக வரும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் குச்சி நட்டு வந்த, சொந்த வேர்ச் செடியாக வாங்குங்கள்.

இனி இலை கொட்டுகிற விஷயம். பேர் கரும்புள்ளி நோய். இலையில் ஓரம் சிதறின கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்வு. ஒருவகைப் பூஞ்சணம்தான் காரணம். அதன் வித்து இலையில் முளைத்து உள்ளே புக வேண்டுமானால், இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் விடாமல் நனைந்திருக்க வேண்டும். இந்த ஏழு மணி நேரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதித் தோட்டக்கலை வந்துவிட்டது என்று நான் சொல்வேன்.

நமக்கு மழை இரண்டு விதம். இடவப்பாதியில் தொடங்கிக் கர்க்கடகம் வரை நாள் முழுக்கச் சாரல். துலாவர்ஷம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டிவிட்டு நிற்கும், ஆனால் அந்த ஈரம் ராத்திரி முழுக்க இலையில் இருக்கும். மேல்நாட்டில் குளிரில் இலையெல்லாம் உதிர்ந்து நோய்க்கும் ஒரு ஓய்வு வரும். இங்கே வருஷத்தில் ஒரு நாள்கூட அதற்கு லீவு கிடையாது. அதனால் மழையை நிறுத்த முடியாத நாம், இலை சீக்கிரம் காய வழி செய்ய வேண்டும். கிழக்குப் பார்த்த சுவர் உத்தமம். காலை ஏழு மணி வெயில் பட்டால் ராத்திரி ஈரம் எட்டரைக்குள் போய்விடும், மேற்கேயிருந்து வரும் சாரலை வீடே தடுக்கும். ஓட்டு இறவாணத்திலிருந்து தண்ணீர் சொட்டும் கோட்டில் மட்டும் வைக்காதீர்கள். மண் தெறித்துக் கீழிலையில் ஒட்டும், வித்தும் அதோடு ஒட்டும். கம்பித் தட்டி சுவரோடு ஒட்டாமல் முக்கால் அடியாவது தள்ளி நிற்கட்டும், காற்று நடுவே புக வேண்டும். தண்ணீர் விடுவது காலையில், வேரில். சாயங்காலம் ஹோஸ் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டும் மாமாக்கள் இரண்டு பேர் இங்கே முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் பெயர் சொல்லப்போவதில்லை. உதிர்ந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள், ரோஜா மூட்டிலேயே உரம் என்று குவிக்காதீர்கள். அடுத்த மழைக்கு நோய் அங்கிருந்துதான் கிளம்பும்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் வரத்தான் செய்யும். வேளாண்மைக்காரர்கள் சொல்லும் சூடோமோனாஸ் பொடியை லிட்டருக்கு 20 கிராம் கரைத்துப் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளிக்கலாம். அது மண்ணில் வாழும் நல்ல பாக்டீரியா. பூச்சிக்கு வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல்: லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு அரைத்துப் பிழிந்த சாறு, 5 கிராம் பார் சோப். பூண்டு வாசனை ஆத்துக்குள் வரக்கூடாது என்கிற மாமிகள் திண்ணையில் வைத்து அரைக்கட்டும். துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பாக்குத் தோட்டத்துக்கு நல்லதுதான், செம்பு என்பதால் கிணற்றருகில் அதை நான் சேர்ப்பதில்லை. இதற்கும் அடங்காத செடி என்றால் அது நம் ஊருக்கு வந்த செடியில்லை. பிடுங்கிவிட வேண்டியதுதான்.

ஆகவே எந்தச் செடி? திருவனந்தபுரத்து மலர்க் கண்காட்சியில் ஜனவரி மாதம் பூவைப் பார்த்து மயங்கி வாங்குவதுதான் நம் வழக்கம். ஜனவரியில் எல்லா ரோஜாவும் அழகிதான். நீங்கள் கர்க்கடக மாசம், மழை நின்ற ஒரு மணி நேரத்தில் குடையோடு கிளம்பி நாலு தெரு சுற்றி வாருங்கள். அமரவிளையிலோ உதியன்குளங்கரையிலோ யாரோ ஒருவர் வேலியில், யாரும் கவனிக்காமல், மருந்து வாசனையே தெரியாமல், முக்கால்வாசி இலையோடு ஒரு ரோஜா நின்றுகொண்டிருக்கும். பேர் கேட்டால் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அதில் இரண்டு குச்சி கேட்டு வாங்குங்கள். நம் மண்ணுக்கு நடந்த பரீட்சையில் பாஸான செடி அது.

இன்னொரு அடையாளம் இதழ்க் கணக்கு. நாற்பது, ஐம்பது இதழ் அடுக்கின மொட்டு மழையில் நனைந்தால் வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு விரியாமலே பழுப்பாக அழுகிவிடும். ஐந்திலிருந்து இருபத்தைந்து இதழுக்குள் உள்ள பூ தண்ணீரை உதறிவிட்டு விரியும். பிரான்ஸ் தேசத்தில் 1864-ல் வந்த மார்ஷல் நீல் என்ற மஞ்சள் கொடி ரோஜா உலகப் பிரசித்தம், கவிழ்ந்து தொங்கும் அடுக்குப் பூ, தேயிலை வாசனை. ஆனால் மழை பட்டால் மொட்டோடு போய்விடும். புத்தகத்தில் பார்த்து ரசிக்கலாம். சின்னச் சின்னப் பூ கொத்தாக வரும் ரகங்கள் நமக்கு மேல். கொத்தில் பத்து மொட்டு அழுகினாலும் இருபது விரியும். அந்த வகையில் 1894-ல் கலிபோர்னியாவில் கண்டெடுத்த கிளைம்பிங் செசில் புருன்னர் நல்ல பேர் வாங்கினது. நம் நாட்டிலேயே உருவானது வேண்டுமென்றால் டெல்லி ஒயிட் பேர்ல் இருக்கிறது, வெள்ளை. அதை உருவாக்கிய டாக்டர் பி.பி. பால் கோதுமை விஞ்ஞானி, 1965-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல் ஆனவர். தேசத்துக்குச் சாப்பாடு போடுகிற வேலைக்கு நடுவே ரோஜாவும் வளர்த்தார்.

இதில் நம்மவர்கள் பெருமைப்பட இன்னொரு விஷயம் உண்டு. மேல்நாட்டு ரோஜாக்கள் குளிருக்காகவே பொறுக்கி எடுத்தவை, அவற்றை வெயில் தேசத்தில் மருந்தால் தாங்கிப் பிடிப்பதைவிட வெயில் தேசத்துக்கென்றே ரோஜா உண்டாக்க வேண்டும் என்று புறப்பட்டவர் எம்.எஸ். வீரராகவன். ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை விட்டு, மனைவி கிரிஜா அம்மாளோடு கொடைக்கானலில் குடியேறி இதற்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். ஜார்ஜ் வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1882-ல் மணிப்பூர் மலையில் கண்ட ராட்சச ரோஜா ஒன்று உண்டு, ரோஸா ஜைஜான்டியா. மரத்தின் உச்சி வரை ஏறி, உள்ளங்கை அளவு வெளிர்மஞ்சள் பூ பூக்கும். தேயிலை வாசனை ரோஜாக்களின் மூதாதை அது. தம்பதி மணிப்பூருக்கே போய் அதைத் தேடிக் கொண்டுவந்து கலப்பு செய்தார்கள். வங்காளத்து ஆற்றங்கரைச் சதுப்பில், தண்ணீரில் கால் வைத்து நிற்கும் ரோஸா கிளினோஃபில்லா என்ற காட்டு ரோஜாவையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் உண்டாக்கின மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு இ.கே. ஜானகி அம்மாள் என்று பேர். 1897-ல் நம் தலச்சேரியில் பிறந்த தாவரவியல் மேதை, கரும்பு ஆராய்ச்சியில் பேர் பெற்றவர். நான் வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. தண்ணீரில் நிற்கும் ரோஜாவின் ரத்தம் கலந்த ஒரு செடி நெய்யாறு பாயும் நம் ஊருக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசை. நம் பக்கத்துச் செடிக்கடைகளில் அவற்றை நான் இன்னும் பார்க்கவில்லை. கொடைக்கானல், பெங்களூர் பக்கம் இருக்கும் அங்கத்தினர்கள் விசாரித்துப் பாருங்கள்.

அதுவரைக்கும் என் ஓட்டு பன்னீர் ரோஜாவுக்குத்தான். சிரிக்காதீர்கள். அது கொடியா என்று கேட்பீர்கள். எட்வர்டு ரோஜா என்று புத்தகத்தில் வரும் இது சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து ரீயூனியன் தீவில் பிறந்த வம்சம். கவாத்து செய்யாமல் விட்டால் ஆறு, ஏழு அடிக்கு வளைந்த கிளை விடும். அதை வேலிக்கம்பியில் படுக்கவைத்துக் கட்டிப் பாருங்கள், முழ நீளத்துக்கு ஒரு கொத்து வரும். மழையில் இலை கொட்டும், ஆனால் செடி போகாது. குச்சியில் வேர் பிடிக்கும். வாசனையோ கேட்கவே வேண்டாம்.

படுக்கவைத்துக் கட்டுவது என்றேனே, அதுதான் கொடி ரோஜாவின் ரகசியம். கிளை நேராக நின்றால் நுனிமொட்டு ஒரு வளர்ச்சிச் சாறைக் கீழே அனுப்பி மற்றக் கணுக்களையெல்லாம் தூங்க வைத்துவிடும். பூ உச்சியில் மட்டும் வரும், அதை அடுத்த வீட்டு மாடிக்காரர் பார்ப்பார். கிளையைக் கிடையாகச் சாய்த்தால் அந்த அதிகாரம் குறைந்து ஒவ்வொரு கணுவும் விழித்துக்கொண்டு மேல்நோக்கித் துளிர்க்கும், ஒவ்வொரு துளிரிலும் பூ. இளங்கிளையாக இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும், முற்றினால் ஒடியும். தென்னங்கயிற்றால் எட்டு போல் முறுக்கித் தளர்வாகக் கட்டுங்கள். மழையில் கயிறு மக்கும்தான், வருஷம் ஒரு தடவை மாற்றினால் கிளையை அறுக்காது. தட்டிக்குக் கமுகு வாரை மலிவு, ஆனால் கரையான் தின்னும். ஜி.ஐ. பைப் ஒரு தடவைச் செலவு.

உயரம் ஐந்தரை அடிக்கு மேல் வேண்டவே வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் இப்போது இருப்பது எழுபது கடந்த இரண்டு பேர், பல வீட்டில் ஒருவர். எங்கள் தெருவிலேயே ஒரு மாமி பூப்பறிக்க முக்காலி மேல் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுத்தாள். ரோஜாவைக் கிடையாகக் கட்டினால் நீளம்தான் கூடும், உயரம் கூடாது. தரையில் நின்றபடி கைக்கு எட்டினதைப் பறிக்கலாம். வாசல் வளைவு ஆசை இருக்கும் பிள்ளைகள், அதை வருஷா வருஷம் கட்டிவிட யார் ஏணி ஏறுவார்கள் என்று யோசித்துவிட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை இந்தச் செடிக்கு உண்டு. வேலியோரச் செடியானால் அதைப் பெரியவர்களே செய்துகொள்வார்கள், அவர்களுக்கும் பொழுது போகும்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. நம் வெட்டுக்கல் மண் புளிப்பு மண். இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, ஒரு சிரட்டை நீற்றின சுண்ணாம்பு கலந்து இரண்டு வாரம் ஆறவிட்டு, பிறகு மக்கின சாணி உரம், ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு, மணல். எலும்புத் தூள் போடச் சொல்வார்கள். நம் ஆத்துக் கொல்லையில் அது வேண்டாம் என்றால் ராக் பாஸ்பேட் அரைக்கிலோ போதும், செடிக்கு வித்தியாசம் தெரியாது. தென்னையின் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் இருக்கும், அதற்குள் ரோஜாவை வைத்தால் உரமெல்லாம் தேங்காயாகிவிடும். காப்பி வண்டல், அரிசி களைந்த நீர் எல்லாம் ஊற்றலாம், அளவோடு.

கவாத்து முதல் இரண்டு வருஷம் கிடையாது. நீளக்கிளையில் வரும் பக்கக்கிளைதான் பூக்கும், நீளக்கிளையை வெட்டினால் பூவையே வெட்டினது போல. குத்துச்செடி ரகத்திலிருந்து வந்த கிளைம்பிங் வகையை ஒட்ட வெட்டினால் சில சமயம் அது ஏறுவதையே மறந்து குத்துச்செடியாகிவிடும். மூன்றாம் வருஷத்திலிருந்து, துலாமழை ஓய்ந்து திருக்கார்த்திகை கழிந்ததும், பக்கக்கிளைகளை இரண்டு கணு விட்டு வெட்டி, வயசான ஒரு நீளக்கிளையை அடியோடு எடுத்துவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் பூ. தை மாதம் முழுக்கப் பறிக்கலாம்.

ஃப்ளாட்டில் இருக்கும் வெளியூர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறையாத தொட்டி, பால்கனிக் கம்பியிலேயே கிடையாகக் கட்டலாம், ஐந்து மணி நேர வெயில் கட்டாயம். பெங்களூர்க்காரர்களும் டெல்லிக்காரர்களும் அதிர்ஷ்டசாலிகள், நான் சொன்ன தொல்லைகளில் பாதி உங்களுக்கு இல்லை. மும்பைக்காரர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் கதைதான்.

குச்சி நடும் விதத்தைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறேன். பூத்து முடிந்த கிளையில் பென்சில் கனம், ஒரு சாண் நீளம், நாலு கணு. அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் வைத்து, பாதி மணல் பாதி தென்னைநார்க் கழிவு நிரப்பின பையில் இரண்டு கணு உள்ளே போகும்படி செருகுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நாலு வாரத்தில் வேர் வரும். துளிர் வந்துவிட்டதே என்று ஆசையாகப் பிடுங்கிப் பார்க்கக்கூடாது. துளிர் முதலில் வரும், வேர் பிறகுதான். பையின் அடியில் வெள்ளை வேர் தெரிந்த பிறகு மண்ணில் மாற்றுங்கள்.

சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு வகைக் குச்சிகள் கொண்டுவந்திருக்கிறேன். நீல நூல் கட்டினது பன்னீர் ரோஜா, வெள்ளை நூல் கட்டினது எங்கள் தெரு வேலியில் நிற்கும் பேர் தெரியாத கொத்து ரோஜா. ஆளுக்கு இரண்டு. ரயிலில் போகிறவர்கள் நுனியை ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், நாளை சாயங்காலம் வரை தாங்கும்.